அணைத்து வைத்த லைனும் கணக்கில் வரும்

தென் மாவட்டங்களில் மாசி, பங்குனி மாதங்களில்தான் லைன் வேலைகள் மும்முரமாக நடக்கும். வைகாசிக்குப் பிறகு காற்றாலைகள் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு லைனை நிறுத்தவும் யாருக்கும் மனம் வராது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாசி மாதம். 40 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு 230 கிலோவோல்ட் டபுள் சர்க்யூட்டில் (ஒரே டவரில் போகும் இரண்டு லைன்கள்), இரண்டாவது லைனுக்கு எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் டிஸ்க்குகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நிறுத்திய லைனைப் பூமியோடு இணைக்கும் எர்த் சுவிட்சை இரண்டு முனையிலும் போட்டிருந்தார்கள். முதல் லைன் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் இரண்டு மணி வாக்கில், எதிர்முனை சப்ஸ்டேஷனிலிருந்து வெளியே போகும் வேறொரு லைனில், சப்ஸ்டேஷன் வாசலை ஒட்டியே ஒரு ஃபேஸ் பூமியோடு சேர்ந்துவிட்டது. அந்த லைனின் ரிலே, அதாவது ஃபால்ட்டை (பழுதை) கண்டறியும் பாதுகாப்புக் கருவி, தன் வேலையைச் சரியாகச் செய்து பிரேக்கரைத் திறந்தது. ஆனால் அதே நேரத்தில் எங்கள் முதல் லைனும் இந்தப் பக்கத்து முனையில் ‘ஜோன் 1’ என்று காட்டிவிட்டு ட்ரிப் ஆனது (துண்டித்துக்கொண்டது). இன்னொரு லைனோ எல்.சி.யில் இருக்கிறது. எதிர்முனை சப்ஸ்டேஷன் மொத்தமும் இருண்டுபோனது.

அந்த ரிலேக்கு செட்டிங் கணக்குப் போட்டது நான். அப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் மின்தொகுப்பு ஆய்வுப் பிரிவில் இருந்தேன். டவரில் ஏறியிருந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மற்ற கேள்விகளே தோன்றின.

ஃபால்ட் 31 கிலோமீட்டரில் இருப்பதாக ரிலே காட்டியிருந்தது. ரிலே தாமதமின்றி ட்ரிப் செய்யும் எல்லையான ஜோன் 1-ஐ லைன் நீளத்தில் 80 விழுக்காடு, அதாவது 32 கிலோமீட்டர் வரை வைத்திருந்தேன். 31 என்பது அதற்குள் வருவதால் ட்ரிப் ஆகிவிட்டது. ஃபோர்மேன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடிவிட்டு மாலையில் போன் செய்தார். "தம்பி, 28-லேர்ந்து 34 வரைக்கும் ஒவ்வொரு டவரா பார்த்தாச்சு. ஒரு டிஸ்க்குலகூட கருகின தடம் இல்ல." மறுநாள் ரிலேயை டெஸ்ட் செட் வைத்துச் சோதித்தார்கள். எல்லா அளவுகளும் சரி. மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் அளந்து ரிலேக்குத் தரும் சிடி, பிடி இணைப்புகளும் சரி.

ரிலே சரி, இணைப்பு சரி என்றால் மிச்சம் இருந்தது மின்தொகுப்பைக் கணினியில் எழுதிவைத்த என் மாடல்தான். அன்றிரவு அதைத் திறந்து பார்த்தேன். இரண்டு லைன்களும் ஒழுங்காக இருந்தன. நேர்வரிசை எண்கள் (சாதாரண, சமச்சீரான மின்னோட்டத்துக்கானவை), ஜீரோ சீக்வென்ஸ் எண்கள் (பூமி ஃபால்ட்டில் வருபவை), சார்ஜிங் எல்லாம் உள்ளே இருந்தன. ஆனால் இரண்டுக்கும் இடையிலான ஜீரோ சீக்வென்ஸ் மியூச்சுவல் கப்ளிங்கை (ஒரு லைனின் மின்னோட்டம் மற்ற லைனில் வோல்டேஜைத் தூண்டும் அளவை) எழுத வேண்டிய அட்டவணை காலியாக இருந்தது. நான் அதை நிரப்பவே இல்லை. எனக்கு வந்த தரவுத் தாளில் அந்த எண் இல்லை, நானும் கேட்கவில்லை. காலியாக விட்டால் மென்பொருள் எதுவும் சொல்லாது. லோட் ஃப்ளோவில் (எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் போகும் என்ற கணக்கில்) ஒரு மெகாவாட்கூட மாறாது. அதனால்தான் சரிபார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை.

அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்கிவிட்டு மேலே போகிறேன். சாதாரண நேரத்தில் மூன்று ஃபேஸ்களின் மின்னோட்டங்களையும் கூட்டினால் பூஜ்ஜியம். அதனால் ஒரு சர்க்யூட் உண்டாக்கும் காந்தப்புலம் சில மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த சர்க்யூட்டை எட்டும்போது பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிடும். நேர்வரிசையில் கப்ளிங் வெறும் சில விழுக்காடுதான். பூமியோடு ஃபால்ட் வந்தால் கதை வேறு. மூன்று கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் ஒரு பங்கு இருக்கும். அதுதான் ஜீரோ சீக்வென்ஸ். 1918-இல் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ சமச்சீர் கூறுகளாகப் பிரித்துக் காட்டியதில் நமக்குக் கிடைத்த பெயர் இது. அந்தப் பங்கு பூமி வழியாகவும் எர்த் வயர் வழியாகவும்தான் திரும்பி வந்தாக வேண்டும்.

பூமியில் திரும்பும் மின்னோட்டம் எவ்வளவு ஆழத்தில் ஓடுவதாகக் கொள்ளலாம் என்பதற்கு ஜான் கார்சன் 1926-இல் கணக்குக் கொடுத்தார். மண்ணின் மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டர், அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்றால் அந்தத் திரும்பும் பாதை சுமார் 930 மீட்டர் ஆழத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். போகும் பாதை மேலே 30 மீட்டரில், வரும் பாதை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கீழே. அவ்வளவு பெரிய வளையத்துக்குள் பத்து மீட்டர் தள்ளி இன்னொரு சர்க்யூட் தொங்கினால் அது தப்பிக்கவே முடியாது. ஒரே டவரில் இருக்கும் இரண்டு 230 கிலோவோல்ட் லைன்களில் மியூச்சுவல், தன் சொந்த ஜீரோ சீக்வென்ஸ் இம்பீடன்ஸில் (மின்னோட்டத்துக்கான மொத்தத் தடையில்) பாதிக்கு மேல் வருவது சாதாரணம்.

எண்களோடு சொன்னால்தான் இது மனதில் நிற்கும். அன்றிரவு நான் காகிதத்தில் போட்ட கணக்கை முழு எண்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இங்கே தருகிறேன். இம்பீடன்ஸில் ரெசிஸ்டன்ஸ் பங்கை விட்டுவிட்டு, காந்தப்புலத்தால் வரும் ரியாக்டன்ஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு நேர்வரிசை 0.4 ஓம், ஜீரோ சீக்வென்ஸ் 1.3 ஓம், மியூச்சுவல் 0.8 ஓம்.

இரண்டு லைனும் ஓடும்போது மியூச்சுவலை மறந்துவிட்டால் ஜோடியின் ஜீரோ சீக்வென்ஸ் 1.3-இல் பாதி, 0.65. உண்மையில் ஒவ்வொரு லைனும் மற்றதை நெருக்குவதால் அது 1.3-ஐயும் 0.8-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தது, 1.05. ஒரு லைன் நிறுத்தப்பட்டு, இரு முனையும் திறந்து, எர்த் போடாமல் இருந்தால் ஓடும் லைனுக்கு 1.3. நிறுத்திய லைனை இரு முனையிலும் எர்த் செய்தால், அதில் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் தூண்டப்படும். அது ஓடும் லைனின் இம்பீடன்ஸைக் குறைத்துவிடும். 0.8-ஐ வர்க்கப்படுத்தி 1.3-ஆல் வகுத்து 1.3-லிருந்து கழித்தால் 0.81 வருகிறது.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு லைன் ஓடும்போது 1.05. ஒன்று ஓடி, மற்றது எர்த் ஆகிக் கிடக்கும்போது 0.81. பூமி வழி மின்னோட்டத்துக்கு இரண்டாவது நிலைதான் எளிதான பாதை! ‘லைன் சர்வீஸில் இல்லை’ என்று மாடலில் ஒரு டிக்கை எடுத்துவிட்டு நகர்ந்தபோது நான் அந்தப் பாதையை மொத்தமாக அழித்துவிட்டேன். கம்பியும் எர்த்தும் டவரில் அப்படியேதான் இருந்தன.

ரிலேயின் கண்ணில் இது எப்படிப் படும்? டிஸ்டன்ஸ் ரிலே தன் லைனின் வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் மட்டும் அளந்து, பூமி ஃபால்ட்டுக்கான ஒரு திருத்தக் காரணியைச் சேர்த்து, தூரத்தைக் கணிக்கிறது. மேலே உள்ள எண்களுக்கு அந்தக் காரணி 0.75. பக்கத்து லைனில் தூண்டப்பட்ட மின்னோட்டம் அதற்குத் தெரியாது. எதிர்முனை பஸ்ஸில் (சப்ஸ்டேஷனில் எல்லா லைன்களும் வந்து சேரும் கம்பியில்) ஃபால்ட், எதிர்ப்பக்கத்தில் வேறு மூலம் எதுவும் இல்லை என்று எளிமைப்படுத்திப் பார்த்தால், பக்கத்து லைன் எர்த் ஆகியிருக்கும்போது 100 விழுக்காடு தூரத்தை ரிலே 77 விழுக்காடாகப் பார்க்கும். 40 கிலோமீட்டரில் 77 விழுக்காடு சுமார் 31 கிலோமீட்டர். ஃபோர்மேனும் ஆட்களும் வெயிலில் தேடி அலைந்த அதே 31.

இதே கணக்கை இரண்டு லைனும் ஓடும்போது போட்டால் எதிர்ப்பக்கமாக விழும். அதே பஸ் ஃபால்ட் 138 விழுக்காட்டுத் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், அதாவது 55 கிலோமீட்டர். சற்றுத் தாமதித்து ட்ரிப் செய்யும் அடுத்த எல்லையான ஜோன் 2-ஐ 120 விழுக்காட்டில், 48 கிலோமீட்டரில் நிறுத்தியிருந்தால் அது எதிர்முனை பஸ்ஸையே பார்க்காது. நம் நாட்டு ரிலே வழிகாட்டுதல்களில் ஒற்றை லைனுக்கு 120 என்றும் டபுள் சர்க்யூட்டுக்கு 150 என்றும் தனித்தனியாகச் சொல்லியிருப்பது இதற்காகத்தான். 150 என்று அதுவரை பல லைன்களுக்குப் போட்டிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மறுநாள் கூட்டத்தில் ஓர் இளம் பொறியாளர், இரு முனையிலும் எர்த் போடுவதால்தான் பிரச்சினை, ஒரு முனையில் மட்டும் போட்டால் வளையம் மூடாதே என்று கேட்டார். அவர் கேட்டதில் தர்க்கம் இருந்தது. ஆனாலும் அங்கிருந்த மூத்த செயற்பொறியாளர் உடனே நிறுத்தினார். "தம்பி, அந்த எர்த்துதான் மேல ஏறியிருக்கிறவன் உயிர். அதைப் பத்தி இந்த ரூமுல பேச்சே வேண்டாம்." முழுமையாக உடன்படுகிறேன். பக்கத்தில் 230 கிலோவோல்ட் லைன் ஓடும்போது நிறுத்திய லைன் செத்த லைன் கிடையாது. எர்த் இல்லாவிட்டால் கெப்பாசிட்டன்ஸ் வழியாக மட்டுமே அதில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் ஏறி நிற்கும். களத்தில் எர்த் போடும் முறையில் கை வைக்காமல், செட்டிங்கிலும் மாடலிலும்தான் தீர்வைத் தேட வேண்டும்.

அப்படித்தான் செய்தோம். அந்த நியூமெரிக்கல் ரிலேயில் செட்டிங் குரூப்கள் (தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் செட்டிங் தொகுப்புகள்) இருந்தன. பக்கத்து லைன் எர்த் ஆகும்போது பயன்படுத்த ஒரு மாற்று குரூப்பில், பூமி ஃபால்ட்டுக்கான ஜோன் 1-ஐ மட்டும் சுமார் 60 விழுக்காட்டுக்குக் குறைத்தோம். 80-ஐ 0.77-ஆல் பெருக்கினால் 61.6 வருகிறது என்பதுதான் அடிப்படை. எல்.சி. கொடுக்கும் நடைமுறைத் தாளில் ‘பக்கத்து லைன் ரிலே குரூப் மாற்றியாயிற்றா’ என்று ஒரு வரி சேர்ந்தது.

பக்கத்து லைனின் மின்னோட்டத்தையும் ரிலேக்குக் கொண்டுவந்து ஈடுகட்டும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் சப்ஸ்டேஷனில் ஒரு லைனுக்கான கருவிகள் நிற்கும் ‘பே’ அமைப்பைப் பாருங்கள். சிடி பிரேக்கருக்குப் பக்கத்தில், ஐசொலேட்டருக்கு (லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்சுக்கு) உள்பக்கம் இருக்கிறது. எர்த் சுவிட்ச் ஐசொலேட்டருக்கு வெளியே, லைன் பக்கம் இருக்கிறது. எர்த் ஆன லைனில் தூண்டப்படும் மின்னோட்டம் எர்த் சுவிட்ச் வழியாகவே சுற்றிக்கொண்டுவிடும், சிடி அதைப் பார்க்காது. எந்த நிலையில் நமக்கு அந்த ஈடு அதிகம் தேவையோ, அந்த நிலையில் அது கிடைக்காது. இரு லைனும் ஓடும்போதும் அதில் ஆபத்து உண்டு. பக்கத்து லைனில் மிக அருகே ஃபால்ட் வந்தால், நல்ல லைனின் ரிலே ஏமாந்து தன் லைனில் ஃபால்ட் என்று நினைத்துக்கொள்ளலாம். ஃபைபர் வழியாக லைன் டிஃபரன்ஷியல் பாதுகாப்பு இருக்கும் இடங்களில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. இரு முனை மின்னோட்டங்களை ஒப்பிடுவதுதான் அதன் வேலை, தூரம் அளப்பதில்லை. ஆனால் அங்கேயும் பேக்கப்பாக டிஸ்டன்ஸ் ரிலே உட்கார்ந்திருக்கும்.

இந்த நிகழ்வுக்குப் பிறகு, நான் அதுவரை செய்த மாடல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன். பல மாதம் பிடித்தது. அதில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, டவர் வேறு என்பதால் கப்ளிங் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எர்த் வயரைச் சேர்க்காமல், 930 மீட்டர் ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால், இரண்டு சர்க்யூட்களுக்கு இடையே 10 மீட்டர் இருக்கும்போது மியூச்சுவல் கிலோமீட்டருக்கு 0.85 ஓம். தனித்தனி டவர்களில் 50 மீட்டர் தள்ளி ஓடினால் 0.55. 100 மீட்டர் தள்ளினாலும் 0.42, அதாவது பாதி மிச்சம் இருக்கிறது. தூரம் லாகரிதத்துக்குள் இருப்பதால் கப்ளிங் மெதுவாகத்தான் குறையும். நாங்கள் ‘ஒரே டவரா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். ‘ஒரே வழித்தடமா?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

மண்ணும் இதில் சேர்ந்தது. எல்லோரும் 100 ஓம்-மீட்டரைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். கோவில்பட்டி, கயத்தாறு பக்கத்துக் கரிசல் மண் ஈரம் பிடித்து வைப்பது, மின்தடைத்திறன் மிகக் குறைவு. பாறை எழும்பிய நிலங்களில் அது பல மடங்கு அதிகம். 10 ஓம்-மீட்டர் என்று போட்டால் அதே 10 மீட்டர் இடைவெளிக்கு 0.85 ஓம் 0.64-ஆக இறங்குகிறது. மற்ற தவறுகளோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனாலும் லைன் எந்த மண்ணில் போகிறது என்று தெரிந்தால் எழுதிவிடுவது நல்லது.

பாதி வழி சேர்ந்து போய்ப் பிரியும் லைன்கள்தான் அதிகம் ஏமாற்றியவை. சப்ஸ்டேஷனிலிருந்து ஒரே டவரில் கிளம்பி, 18 கிலோமீட்டர் போன பிறகு ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே போகும். அப்போது கப்ளிங்கை லைன் முழுவதற்கும் போடக் கூடாது, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் லைன் நீளத்தின் பின்னமாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பின்னம் எந்த முனையிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு லைனை மேற்கிலிருந்து கிழக்காகவும் மற்றதைக் கிழக்கிலிருந்து மேற்காகவும் வரைந்திருந்தால் மியூச்சுவலின் குறி மாற வேண்டும். ஒரு மாடலில் குறியை மாற்றாமல் விட்டிருந்தேன். 1.05 வர வேண்டிய ஜோடிக்கு 1.3-இலிருந்து 0.8-ஐக் கழித்துப் பாதியாக்கிய 0.25 வந்திருந்தது. கப்ளிங்கே போடாமல் விட்டிருந்தால்கூட 0.65 வந்திருக்கும். தவறான குறி, காலி அட்டவணையை விட மோசம்.

அப்புறம் லைலோ. புதிய சப்ஸ்டேஷன் ஒன்றுக்காக ஓடும் லைனை நடுவில் வெட்டி உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவருவது. மாடலில் பழைய லைனை அழித்துவிட்டு இரண்டு புதிய லைன்களை வரைவோம். பழைய லைனோடு கட்டப்பட்டிருந்த மியூச்சுவல் பதிவும் அத்தோடு போய்விடும். யாரும் கவனிப்பதில்லை. வெட்டப்படாத பக்கத்து லைன் இப்போது இரண்டு துண்டுகளோடும் தனித்தனியாகக் கப்ளிங் ஆகியிருக்கிறது, பின்னங்களும் புதியவை. லைலோ நடந்த ஒவ்வொரு இடத்திலும் இந்தப் பதிவை நான் இப்போது கையால் சரிபார்க்கிறேன். பழைய மாடல்களில் தவறு அதிகம் கிடைத்ததும் இங்கேதான்.

லோட் ஃப்ளோ ஆய்வுக்கு மியூச்சுவல் தேவையில்லை என்றேன். ஆனால் அங்கேயும் இணை லைன்களுக்கு வேறு விதமான கவனிப்பு வேண்டும். சில மென்பொருள்களில் ஒரு லைனை வரைந்துவிட்டு ‘எண்ணிக்கை 2’ என்று போட்டால் போதும், இம்பீடன்ஸ் பாதியாகும், சார்ஜிங் இரட்டிப்பாகும், தாங்குதிறனும் இரட்டிப்பாகும். இரு லைனும் ஓடும் வரை விடை சரி. ஒருமுறை எனக்கு முன்பு வேலைபார்த்தவர் இப்படிச் சுருக்கி வைத்திருந்த கோப்பில் என்-1 (ஏதேனும் ஒன்று போனால் மிச்சம் தாங்குமா என்ற சோதனை) ஓட்டினோம். ஒரு லைனை நிறுத்தச் சொன்னால் மென்பொருள் இரண்டையும் சேர்த்து நிறுத்தியது, வோல்டேஜ் சரிந்தது, அந்தப் பகுதிக்குப் புதிய லைன் வேண்டும் என்று அறிக்கை எழுதும் அளவுக்குப் போய்விட்டோம். கடைசி நேரத்தில் ஒருவர் கண்டுபிடித்தார். இப்போது எவ்வளவு சிறிய லைனாக இருந்தாலும் தனித்தனியாக, தனித்தனி அடையாளத்தோடுதான் வரைகிறேன்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. தனித்தனியாக வரைந்துவிட்டால் தானியங்கி என்-1 பட்டியல் ஒவ்வொன்றாக மட்டுமே நிறுத்திப் பார்க்கும். டவரே விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும் என்பது அதற்குத் தெரியாது. 2010-ஆம் ஆண்டின் இந்திய மின்தொகுப்பு விதித்தொகுப்பு, 400 கிலோவோல்ட்டில் ஒரு சர்க்யூட் போவதையும் 220 கிலோவோல்ட்டில் டபுள் சர்க்யூட் முழுவதும் போவதையும் திட்டமிடும்போது தாங்க வேண்டிய நிலைகளாகச் சொன்னது. ஆகவே எந்த லைன்கள் ஒரே டவரில் என்ற பட்டியல் ஆய்வாளரிடம் கையில் இருக்க வேண்டும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு இருப்பதால் மட்டும் அது டபுள் சர்க்யூட் ஆகிவிடாது. தென் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்தது ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக. அங்கே இரண்டு சர்க்யூட்கள் இருக்கின்றன, ஆனால் அவை தனித்தனி ஒற்றை லைன்களாகக் கட்டப்பட்டவை.

ஒரு லைன் வேலைக்காக நிறுத்தப்பட்டிருக்கும் நாளைத் தனி நிலையாக ஆராய வேண்டும் என்பதற்கு 2012-ஐ விடப் பெரிய சான்று வேண்டாம். ஜூலை 30 அதிகாலை 2.33-க்கு வடஇந்தியா இருண்டது. பீனா – குவாலியர் – ஆக்ரா பாதையில் ஒரு சர்க்யூட்டை 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். மிச்சமிருந்த 400 கிலோவோல்ட் பீனா – குவாலியர் சர்க்யூட் மிதமிஞ்சிய சுமையில் இருந்தது. ஃபால்ட் எதுவும் இல்லாமலே அந்தச் சுமையை ஜோன் 3-இல் (ரிலே பார்க்கும் தொலைவான எல்லையில்) வந்த ஃபால்ட்டாக எடுத்துக்கொண்டு ரிலே ட்ரிப் செய்தது. மறுநாள் மதியம் மீண்டும் அதே பாதையிலிருந்துதான் சரிவு தொடங்கியது.

சமமில்லாத இணைகளையும் சொல்லியாக வேண்டும், சென்னை போன்ற நகரங்களில் இது அடிக்கடி வரும். ஒரே இரு சப்ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு ஓவர்ஹெட் லைனும் ஒரு நிலத்தடிக் கேபிளும் ஓடுகின்றன, நீளம் ஒன்று, தாங்குதிறன் தலா 250 எம்.வி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 கொண்டுபோகலாம் என்று திட்டக் கூட்டங்களில் கூட்டிச் சொல்வார்கள். லைனின் ரியாக்டன்ஸ் கிலோமீட்டருக்கு 0.4 ஓம், கேபிளுக்கு 0.13 ஓம். மின்சாரம் எளிய பாதையில்தான் அதிகம் போகும், கேபிள் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளும். மொத்தம் சுமார் 330 ஆகும்போதே கேபிள் நிரம்பிவிடும், பக்கத்து லைன் பாதிகூட எட்டாமல் இருக்கும். இதைச் சொன்னதற்கு ஒரு கூட்டத்தில் நம்ப மறுத்தார்கள். திரையில் லோட் ஃப்ளோ ஓட்டிக் காட்டிய பிறகுதான் சரி என்றார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களுக்கு உரியது. நாட்டின் பெரும்பகுதியில் 220 கிலோவோல்ட், நம்மிடம் 230. பெர்-யூனிட்டில் (ஓமை ஓர் அடிப்படை இம்பீடன்ஸால் வகுத்த எண்ணாக) கொடுக்கப்பட்ட 220 அட்டவணையை அப்படியே 230 கோப்பில் ஒட்டினால் 100 எம்.வி.ஏ.வுக்கான அடிப்படை இம்பீடன்ஸ் 484-க்குப் பதில் 529 ஓம் ஆகிவிடும். இணையான இரண்டு லைன்களில் ஒன்றை ஓமில் கணக்கிட்டும் மற்றதை அட்டவணையிலிருந்தும் எடுத்திருந்தால், ஒரே கம்பி, ஒரே டவர், ஆனால் மாடலில் 9 விழுக்காடு வித்தியாசம். இரட்டை லைனில் இரு சர்க்யூட்டின் மெகாவாட்டும் சமமாக இல்லாவிட்டால் முதலில் இதைத்தான் தேடுவேன்.

இப்போது எந்த மாடலைத் தொட்டாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்கிறேன். ஒரு டபுள் சர்க்யூட்டை எடுத்து, இரண்டும் ஓடும் நிலை, ஒன்று திறந்த நிலை, ஒன்று எர்த் ஆன நிலை மூன்றிலும் எதிர்முனை பஸ்ஸில் பூமி ஃபால்ட் மின்னோட்டத்தைப் பார்த்து, காகிதக் கணக்கோடு ஒப்பிடுவேன். எர்த் ஆன நிலையும் திறந்த நிலையும் ஒரே விடையைக் கொடுத்தால் மியூச்சுவல் இல்லை, அல்லது எர்த் ஆன லைனை மென்பொருள் வலைப்பின்னலிலிருந்தே தூக்கிவிட்டது. சிலவற்றில் அதற்கென்று தனித் தேர்வு இருக்கும், சிலவற்றில் லைனின் இரு முனையிலும் போலி பஸ் போட்டு பூமியோடு கட்ட வேண்டியிருக்கும். கால் மணி நேர வேலை.

மற்றபடி தரவு கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். ஒற்றைக் கோட்டுப் படம் மட்டும் போதாது என்று டவர் ஷெட்யூலையும் ரூட் மேப்பையும் கேட்கிறேன். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் லைன் ஆட்களிடம் கேட்கிறேன்.

சமீபத்தில் ஒரு 110 கிலோவோல்ட் லைனில் ஒரு விசித்திரம். அதில் ஃபால்ட் எதுவும் இல்லாத நேரத்தில் இரு முனையிலும் டைரக்‌ஷனல் எர்த் ஃபால்ட் ரிலேக்கள் (பூமி ஃபால்ட் எந்தத் திசையில் என்று பார்ப்பவை) ‘முன்னால் ஃபால்ட்’ என்று காட்டி ட்ரிப் செய்திருந்தன. அதே நிமிடத்தில் 230 கிலோவோல்ட் லைன் ஒன்றில் பூமி ஃபால்ட் வந்திருந்தது. படத்தில் இரண்டும் வேறு வேறு மூலைகளில் இருந்தன, பொதுவாக ஒரு பஸ்கூட இல்லை. நான் போய் அந்தப் பகுதியில் முப்பது வருடம் வேலைபார்த்த ஒரு லைன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். "அண்ணாச்சி, இந்த ரெண்டு லைனும் எங்கேயாவது கிட்ட வருதா?" என்று கேட்டேன். வீட்டுத் திண்ணையில் ரூட் மேப்பை விரித்து, குளத்துக்கரையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் விரலால் இழுத்துக் காட்டினார். "இங்கேர்ந்து இது வரைக்கும் ரெண்டும் ஜோடியாத்தானே தம்பி போகுது. 11 கிலோமீட்டர் இருக்கும்."

110 லைனின் நீளத்தில் அது 0.35-இல் தொடங்கி 0.62-இல் முடிந்தது. அட்டவணையில் அந்த வரியை எழுதி ஃபால்ட்டை ஓட்டியபோது இரு ரிலேக்களும் மாடலிலும் முன்பக்கம் பார்த்தன. திசை அறியும் முறையை, இந்தக் கப்ளிங் அவ்வளவாகப் பாதிக்காத நெகட்டிவ் சீக்வென்ஸுக்கு (எதிர்வரிசைக் கூறுக்கு) மாற்றச் சொல்லி எழுதினேன். எழுதும்போது அந்த ரூட் மேப்பின் நகலையும் அறிக்கையோடு இணைத்து, அவர் விரல் வைத்த இரண்டு இடங்களையும் சிவப்பு மையால் குறித்து அனுப்பினேன்.